மூன்றாம் தரம் வாசித்த கல்யாண அறிக்கை

ஜூன் 6, 1971. ஞாயிறு. காரிமங்கலம்.

காலையிலிருந்தே காற்று. ஆராதனை நேரம் முழுக்கச் சபையின் மேற்கு ஜன்னல் அடித்துக்கொண்டே இருந்தது. பிரசங்கத்துக்கு யாரோ கை தட்டுகிறார்கள் என்று இரண்டு தடவை சந்தோஷப்பட்டேன்.

எஸ்தருக்குக் கல்யாண அறிக்கை, முதல் தரம். ஊரார் பிள்ளைகளுக்கு எத்தனையோ வாசித்த வாய்தான். சொந்த மகள் பெயர் வந்ததும் வரி தவறி மறுபடி ஆரம்பித்தேன். கிருஷ்ணகிரி ஆபிரகாம் பாஸ்டர் மகன் தேவராஜுக்கும், இந்தச் சபைப் போதகர் மகள் எஸ்தருக்கும் விவாகம் நிச்சயமாகியிருக்கிறது, தடை எதுவும் தெரிந்தவர்கள் சொல்லலாம், இது முதல் தரம். நிறுத்தி எல்லார் முகத்தையும் பார்த்தேன். இப்படி மூன்று ஞாயிறு கேட்க வேண்டும். யாரும் வாய் திறக்கவில்லை என்றால்தான் கல்யாணம்.

மூப்பர் சாமிதாஸுக்கு அறிக்கை வாசிப்பு என்றால் உயிர். கோர்ட்டில் டவாலியாக இருந்து ரிட்டயர் ஆனவர். கட்சிக்காரர் பெயரை மூன்று தரம் கூவியே காலம் தள்ளியவர். நான் நிறுத்தியதும் எழுந்து வாசல் வரை போய், தடை சொல்ல வெளியே யாராவது நிற்கிறார்களா என்று பார்த்து வந்தார். பக்கத்துக் காட்டுக் கவுண்டர் வீட்டு ஆடு மட்டும் நின்றதாம். அது ஆட்சேபிக்கவில்லை.

அடுத்தது கீர்த்தனை. ஆர்மோனியம் வாசிப்பது எஸ்தர்தான். ஆரம்பித்தாள் பார், அடக்க ஆராதனையில் பெட்டியைத் தூக்கும்போது பாடுகிற பாட்டு! பழக்கதோஷத்தில் பாதிப் பேர் எழுந்து விட்டார்கள். பெண்கள் பக்கம் பின்னாலிருந்து:

"யாருடி செத்தது?"

"தெரியலயே. இரு, கேட்டுட்டு அழுவலாம்."

பாவம் குழந்தை. கல்யாணக் கவனத்தில் பாட்டு மாறிவிட்டது.

ஜூன் 7. திங்கள்.

வெயில். கூரையில் ஓடு மாற்ற வேண்டும். இன்றும் மாற்றவில்லை.

இந்தச் சம்பந்தம் அமைந்த விதத்தை எழுதி வைக்கிறேன், பேரப் பிள்ளைகளுக்கு உதவும். போன மாதம் தருமபுரியில் போதகர்கள் கூட்டம். இடைவேளையில் ஆபிரகாம் பாஸ்டரும் நானும் ஒரே தட்டில் போண்டா. "எனக்கு ஒரு பையன் இருக்கான் பிரதர்" என்றார். "எனக்கு ஒரு பொண்ணு இருக்கா" என்றேன். போண்டா தீருவதற்குள் முடிந்துவிட்டது. கர்த்தர் செயல் என்று இருவரும் சொல்லிக்கொண்டோம்.

பெண் பார்க்க வந்தார்கள். எஸ்தர் காப்பி கொண்டுவந்து கொடுத்துவிட்டுத் தலையைக் குனிந்தபடி நின்றாள். சந்தோஷ வெட்கம் என்று எடுத்துக்கொண்டேன். நல்ல பையன், சொசைட்டியில் வேலை, குடி கிடையாது, தமிழ் தெலுங்கு கன்னடம் மூன்றும் பேசுவான். ஆனால் அன்று மூன்றிலும் பேசவில்லை.

எஸ்.எஸ்.எல்.சி. முடித்து இரண்டு வருஷமாக எஸ்தர், சேலத்தில் நர்ஸ் ட்ரெயினிங் போகிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். வருகிற மாதம் ஆள் எடுக்கிறார்கள். கல்யாணமாகாத பெண்களை மட்டும்தான் எடுப்பார்களாம். இனி அந்தப் பேச்சுக்கு இடமில்லை. நல்லவேளை, வீட்டிலேயே இருக்கட்டும் என்று சொல்கிற வேலை எனக்கு மிச்சம்.

ஜூன் 8. செவ்வாய்.

சந்தை. வாங்கியது: மொச்சை, கருவாடு, சின்ன மகள் பியூலாவுக்கு ரிப்பன், எலிப்பொறி.

எலிப்பொறி ஆர்மோனியத்துக்கு. எலி கடித்துக் கட்டை மாறி விழுவதால்தான் சாவுப் பாட்டு வந்தது என்பது மூப்பர் கட்சி. இருவரும் சேர்ந்து பெட்டியைப் பிரித்தோம். உள்ளே பஞ்சும் காகிதமுமாக ஒரு கூடு, அதில் கண் திறக்காத நாலைந்து குஞ்சுகள். மூப்பருக்கு வெற்றி.

"பாருங்க பாஸ்டரய்யா, குடும்பமே உள்ள இருக்குது. எப்பிடிங்க சுருதி நிக்கும்?"

பியூலா பக்கத்தில் நின்று ரிப்பனைக் கடித்துக்கொண்டிருந்தாள். "அக்கா சரியாத்தாம்ப்பா வாசிச்சா" என்றாள். பெரியவர்கள் வேலையில் குறுக்கே பேசாதே என்று விரட்டினேன்.

எட்டாவது வரை படிப்பு, அப்புறம் இரண்டு வருஷம் வேதபாடசாலை. இவ்வளவு படித்தவனுக்கு எலி விஷயம் தெரியாதா?

ஜூன் 13. ஞாயிறு.

இரண்டாம் தரம் வாசித்தேன். தடை இல்லை. மூப்பர் வாசலுக்குப் போய் வந்தார். ஆடுகூட இல்லை.

மறுபடியும் அதே பாட்டு! போன வாரத்தைவிட நிதானமாக, எல்லாச் சரணமும், ஒரு பிசிறு இல்லாமல். ஒருத்தி நிஜமாகவே மூக்கைச் சிந்தினாள். ஆராதனை முடிந்து வெளியே வந்தால் வேலிக்கு அந்தப் பக்கம் கவுண்டர்.

"என்னாங்க பாஸ்டரே, உங்க கோயில்ல வாராவாரம் எழவா?"

"இல்லீங்க, கல்யாணம்."

"ஓ" என்றார். அந்த ஓவில் இருந்தது இரங்கலா வாழ்த்தா, தெரியவில்லை.

மூப்பர் முடிவாகச் சொல்லிவிட்டார், ஆர்மோனியத்தை மாற்ற வேண்டும்.

மத்தியானம் ரசத்தில் உப்பு இல்லை. என் மனைவி கிருபையிடம் சொன்னேன். உப்புச் சட்டியைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்துவிட்டுப் போனாள். இவளுக்கு என்ன?

ஜூன் 16. புதன்.

புழுக்கம். இன்று நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும், கை வரமாட்டேன் என்கிறது.

விளக்கு வைத்ததும் குடும்ப ஜெபம். எங்கள் வீட்டு வழக்கம், பாயில் வட்டமாக உட்கார்ந்து ஆளுக்கொரு வசனமாக அதிகாரம் முடிகிறவரை வாசிப்பது. நான், கிருபை, எஸ்தர், பியூலா, மறுபடியும் நான். அதிகாரத்தைத் தேர்ந்தெடுக்கிற முறை இன்று எஸ்தருக்கு. ஈசாக்குக்குப் பெண் தேடி வேலைக்காரன் போகிற கதையை எடுத்தாள். ரொம்ப நீளம். பியூலா அழத் தயாரானாள். எனக்குச் சந்தோஷம். கல்யாணப் பிரசங்கத்துக்கு அதைத்தான் வைத்திருக்கிறேன். ஒட்டகங்களுக்கு அந்தப் பெண் ரெபெக்காள் தண்ணீர் வார்த்த இடத்தை விரிவாகச் சொல்ல உத்தேசம். ஒட்டகம் எவ்வளவு குடிக்கும் என்று வாத்தியாரிடம்கூட விசாரித்து வைத்திருந்தேன்.

ஒட்டகமெல்லாம் குடித்து முடித்து, பேச்சுவார்த்தையும் முடிந்து, கடைசிப் பக்கம். வட்டம் சுற்றி என்னிடம் வந்தது. பெண்ணைக் கூப்பிட்டு அவளையே கேட்டுப் பார்ப்போம் என்று வீட்டார் சொல்கிற வசனம். இத்தனை வருஷம் போதகராக இருக்கிறேன், இது அங்கே இருப்பதை இன்றுதான் பார்த்தேன். ஒட்டகம் மறைத்துவிட்டது.

அடுத்தது கிருபை. இந்த மனுஷனோடு போகிறாயா என்று ரெபெக்காளைக் கேட்கிற இடம். கேள்வி வரைக்கும் வாசித்தாள். போகிறேன் என்கிற ரெபெக்காளின் பதிலை வாசிக்காமல் புஸ்தகத்தை மடியில் வைத்துவிட்டு எஸ்தரைப் பார்த்தாள்.



"நான் போவலீங்கப்பா" என்றாள் எஸ்தர்.

எனக்கு முதலில் வந்தது கோபம். அதையும் எழுதத்தான் வேண்டும்.

"இத மொதல்லயே சொல்றதுக்கென்ன?"

"நீங்க கேக்கலியேப்பா. அந்தப் பையன் நல்லவராத்தான் இருப்பாரு. எனக்கு நர்ஸுக்குப் படிக்கணும்."

"சபையில ரெண்டு தரம் கேட்டனே, தடை இருந்தா சொல்லுங்கன்னு!"

"எல்லார் மொகத்தையும் பார்த்துக் கேட்டீங்க. ஆர்மோனியம் உங்களுக்குப் பின்னால இருக்குது. நானும் ரெண்டு வாரமா அதுல சொல்லிட்டுத்தான் இருக்கேன். நீங்க எலி புடிக்கிறீங்க."

பியூலா சிரித்தாள். கிருபை சிரித்தாள். நானும் சிரிக்கப் பார்த்தேன், முடியவில்லை. எஸ்தர் கண்ணில் தண்ணீர் நின்றது.

பார்க்கலாம் என்றேன். பதில் தெரியாதபோது நான் சொல்கிற வார்த்தை அது. எஸ்தருக்கும் தெரியும்.

ஜூன் 17. வியாழன்.

தூக்கம் இல்லை. விடியற்காலை சபையில் முழங்கால் போட்டேன். ஜெபிக்க ஆரம்பித்தபோதுதான் உறைத்தது, இந்தக் கல்யாண விஷயத்தில் நான் ஆண்டவரையும் கேட்கவில்லை. அவருக்கும் அறிவித்தேன். முதல் தரம், இரண்டாம் தரம் என்று. அவர் பேசாமல் இருந்ததையும் என் வசதிக்கே எடுத்துக்கொண்டேன்.

சபைக் குடும்பம், சபைக் குடும்பம் என்று மேடையில் கத்துகிறேன். ஊரையெல்லாம் மூன்று தரம் கேட்க முறை வைத்திருக்கிறோம். வீட்டில் ஒரு தரம் கேட்க முறை இல்லை.

நாளை கிருஷ்ணகிரி போய் ஆபிரகாம் பாஸ்டரிடம் நேரில் சொல்லிவிடுவது. தைரியம் வேண்டும், கர்த்தாவே.

ஜூன் 18. வெள்ளி.

போனேன்.

பஸ்ஸில் கூட்டம், மாங்கூடை மேல் உட்கார்ந்து, அதன் சொந்தக்காரியிடம் திட்டு வாங்கினேன். வழி நெடுக மனப்பாடம்: "பிரதர், வருத்தப்படாதீங்க, ஒரு விஷயம்." வாசலிலேயே ஆபிரகாம் பாஸ்டர் கட்டிப் பிடித்துவிட்டார். காப்பி. பிரதர், ஒரு விஷயம், என்றேன். எனக்கும் ஒரு விஷயம் என்று தையல்காரரைக் கூப்பிட்டார். சம்பந்திகள் இருவருக்கும் ஒரே துணியில் சட்டையாம். கையைத் தூக்கச் சொன்னார்கள். கையைத் தூக்கிக்கொண்டு எப்படிக் கல்யாணத்தை நிறுத்துவது? மறுபடியும் காப்பி, போண்டா. மறுபடியும் காப்பி. மூன்றாம் தரம் வாசிக்கிறதைக் கேட்கப் பையனோடு அவரே ஞாயிறு வருகிறாராம்.

வீடு திரும்பினேன்.

"சொல்லிட்டீங்களா?" கிருபை.

"சட்டைக்கு அளவு குடுத்துட்டு வந்தேன்."

உள்ளே எஸ்தர் பாத்திரம் கழுவுகிற சத்தம் நின்றது. அப்புறம் தொடர்ந்தது. அவள் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை.

ஜூன் 20. ஞாயிறு.

மேகம். மழை இல்லை.

முன்வரிசையில் ஆபிரகாம் பாஸ்டர், பக்கத்தில் தேவராஜ், புதுச் சட்டை. காகிதத்தை எடுத்தேன். இது மூன்றாம் தரம், தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்றேன். மூப்பர் வாசல் வரை போய், யாரும் இல்லை என்று கை காட்டினார். நான் பின்னால் திரும்பினேன். எஸ்தர் என்னைப் பார்க்கவில்லை, கட்டைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மேடையை விட்டு இறங்கினேன். ஆண்கள் பாயின் ஓரத்தில் போய் நின்று கையைத் தூக்கினேன்.

"என்னா வேணுங்க பாஸ்டரய்யா, தண்ணியா?" மூப்பர்.

"தடை இருக்குது."

"யாருக்குங்க?"

"எனக்குத்தான்."

"நீங்களே கேட்டு நீங்களே சொன்னா எப்பிடிங்க? ஜட்ஜி எறங்கி வந்து சாட்சி சொல்ல மாட்டாருங்களே."

"பாஸ்டரா நான் பேசல. பொண்ணோட அப்பனா பேசறேன்."

மூப்பர் யோசித்தார். "சரிங்க. காரணம் சொல்லணும், அதான் முறை."

"பொண்ண ஒருத்தரும் கேக்கல. அவளுக்கு இதுல சம்மதம் இல்ல."

"கேக்காம உட்டது யாருங்க?"

"நான்தான்."

"அப்ப குத்தவாளியும் நீங்கதானுங்களா?"

சபை வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கியது. நான் ஆமாம் என்றேன். எனக்குச் சிரிப்பு வரவில்லை. திரும்ப மேடை ஏறி, தடை சொல்லப்பட்டதால் அறிக்கை நிற்கிறது என்று போதகராக அறிவித்தேன்.

வெளியே புளியமரத்தடியில் ஆபிரகாம் பாஸ்டர் முகம் சிவந்து நின்றார்.

"பிரதர், வெள்ளிக்கெழம என் வூட்ல மூணு காப்பி குடிச்சீங்களே, அப்ப வாயில என்னா இருந்திச்சி?"

"போண்டாங்க."

கிண்டலுக்குச் சொல்லவில்லை, உண்மை அதுதான். அவர் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. மன்னிப்புக் கேட்டேன். காதில் வாங்காமல், சபை மேலிடத்துக்கு எழுதிப் போடுவேன் என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு நடந்தார். எழுதுவார். எழுதட்டும்.

தேவராஜ் போகவில்லை. அப்பா போன பக்கம் பார்த்தான், எங்கள் வீட்டுப் பக்கம் பார்த்தான். "கோழிக் கொழம்புன்னு சொன்னாங்க" என்றான். உள்ளே வந்து தலை நிமிராமல் சாப்பிட்டான். கிருபை அவனுக்கு ஈரல் வைத்தாள். கை கழுவும்போது எஸ்தரிடம், "நல்லா படிங்க" என்றான். அவ்வளவுதான். காது மடல் சிவந்திருந்தது. அவனையும் நாங்கள் யாரும் கேட்கவில்லை. என்ன சொல்லியிருப்பான் என்று இனிமேல் தெரியப் போவதில்லை. அதுதான் உறுத்துகிறது.

ஜூன் 21. திங்கள்.

விடியலில் நாலு தூறல். மண் நனையவில்லை.

பஸ் ஸ்டாண்டு வரை போனேன். டீக்கடையில் இரண்டு பேர், "தம் பொண்ணு கல்யாணத்த தானே நிறுத்துனாரே, அந்தப் பாஸ்டர்." என் முன்னாலேயே. நானும் டீயைக் குடித்துக்கொண்டே, "அப்படியா, யார் அது?" என்று கேட்டேன்.

எஸ்தர் சேலம் போக நாள் குறித்துவிட்டாள். காலை முதல் பஸ். கூட வருகிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அடுப்படியிலிருந்து கிருபை பார்த்த பார்வையில் வாய் மூடிக்கொண்டது. மாற்றிக் கேட்டேன்:

"நான் வரட்டுமா, வேணாமா?"

"யோசிச்சு சொல்றேங்கப்பா" என்றாள்.

சாயங்காலம் ஆகிவிட்டது. இன்னும் சொல்லவில்லை. வெள்ளைச் சட்டையைத் துவைத்துக் காயப் போட்டிருக்கிறேன்.