அப்பாவுக்கு விழுந்த கிரேக்கச் சொல்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது,

கர்த்தர் கிருபையில் நாங்கள் இருவரும் நன்றாக இருக்கிறோம், என் முழங்கால் மட்டும் தனிக்கட்சி நடத்துகிறது. நீயும் மாப்பிள்ளையும் உன் வயிற்றில் உதைத்துக்கொண்டிருக்கும் வாண்டும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். ஃபோன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். ஃபோனில் பேசினால் உன் அப்பா பக்கத்தில் நின்று நான் சொல்வதையெல்லாம் திருத்துகிறார், அதனால்தான் அவர் லிஃப்ட் பழுது பார்க்கப் போன நேரம் பார்த்து எழுதுகிறேன். பிரசவத்துக்கு அப்பா வருவாரா என்று போன வாரமும் கேட்டாய். மாப்பிள்ளையிடம் ஒரு வார்த்தை பேசாமல் உன் வீட்டில் வந்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்காருவதானால் அவர் வரவே வேண்டாம் என்றும் சொன்னாய். நீ சொன்னது நியாயம்தான், ஆனால் எனக்கு அன்று சோறு இறங்கவில்லை. உன் கேள்விக்குப் பதில் இந்தக் கடிதத்தில் இருக்கிறது, ஒரு கிரேக்கச் சொல்லைச் சுற்றிக்கொண்டுதான் அங்கே வரவேண்டும், அவசரப்படாமல் படி.

நம் ஜெபக்கூட்டத்துக்கு வந்திருக்கும் புதுப் போதகர் ஒரு வழக்கம் ஆரம்பித்திருக்கிறார். வேதத்தில் வரும் கிரேக்கச் சொற்களைச் சீட்டில் எழுதிக் குலுக்குவார், யாருக்கு எது விழுகிறதோ அவர் அடுத்த ஞாயிறு எழுந்து நின்று அதன் பொருளையும் அது எங்கெங்கே வருகிறது என்பதையும் சொல்ல வேண்டும். தையல்கார அக்காவுக்குச் சந்தோஷம் என்ற சொல் விழுந்தது, பயத்தில் அழுதுகொண்டே சொல்லி முடித்தாள். உன் அப்பாவுக்கு விழுந்தது மக்ரோதூமியா. நீடிய பொறுமை என்று நாம் வாசிக்கிறோமே, அதுதான். போதகர் அதைப் படித்துக் காட்டியதும் கூட்டத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை, எல்லோரும் ஒரே நேரத்தில் பாட்டுப் புத்தகத்தைப் புரட்ட ஆரம்பித்துவிட்டார்கள். உன் அப்பா வீட்டுக்கு வந்து, போதகரிடம் இரவல் வாங்கிய அகராதியை விரித்து வைத்துக்கொண்டார், அந்த வாரம் முழுவதும் நீடிய பொறுமையைப் படிக்கிறேன் என்று என்னை வறுத்தெடுத்துவிட்டார். குக்கர் விசில் அடித்தால்கூடக் குற்றம். ஒருநாள் வெற்றி பெற்றவர் மாதிரி என்னைக் கூப்பிட்டு, "மக்ரோஸுன்னா நீளம், தூமோஸுன்னா கோபம். மாப்பிள்ளை மேல எனக்கு இருக்கறதும் நீளமான கோபம்தான். நான் வேதத்தின்படிதான் நடக்கறேன், நீதான் தப்பா நினைச்சுட்டே" என்றார். அகராதியை அவரிடமிருந்து பிடுங்கி அடுப்பில் வைக்கலாமா என்று இருந்தது, போதகருடையது என்பதால் விட்டேன்.

போதகரே நேரில் வந்து தெளிவாக்கினார். கோபம் நம்மிடம் வந்துசேர நெடுந்தூரம் நடந்து வரவேண்டும், அதுதான் பொருளாம். இன்னொன்றும் சொன்னார், வியாதி, கஷ்டம், வேலை இவற்றைத் தாங்குவதற்கு ஹுபொமொனே என்று வேறொரு சொல் இருக்கிறதாம், மனிதர்களைத் தாங்குவதற்குத்தான் பெரும்பாலும் மக்ரோதூமியா வருமாம். எனக்கு உன் அப்பாவை யாரோ படம் வரைந்து காட்டியது போல் ஆகிவிட்டது. லிஃப்ட் பழுதானால் மோட்டார் அறையில் அரை நாள் உட்கார்ந்து, "என்னடா கண்ணா, எங்க வலிக்குது" என்று அந்த இரும்பைத் தடவிக்கொடுக்கும் மனுஷன், உள்ளே மாட்டிக்கொண்ட ஆள் அலாரத்தை இரண்டு தரம் அமுக்கினால் கட்டிடம் அதிரக் கத்துவார். போன தடவை நீங்கள் இங்கே வந்த சமயம் மாப்பிள்ளை மாட்டிக்கொண்டு அமுக்கியபோதும் அதுதானே நடந்தது. அத்தனை குடித்தனக்காரர்கள் முன்னால் படிச்சவனா நீ என்று கேட்டார். மாப்பிள்ளையும், "மோட்டார்கிட்ட பேசற மாதிரி என்கிட்டயும் ஒரு தடவை பேசுங்க மாமா" என்று சொல்லிவிட்டார், அன்றிலிருந்து இவர் வாயைப் பூட்டிக்கொண்டார். போதகர் சொல்வதைக் கேட்டுக்கொண்டே இருந்த உன் அப்பா எனக்கு மட்டும் கேட்கும்படி, "சீட்டை இவரே பார்த்து எடுத்திருப்பார்" என்று முணுமுணுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை நாங்கள் முன்னதாகவே ஜெப மண்டபத்துக்குப் போய்விட்டோம், மண்டபம் மேல் மாடியில் இருக்கிறது. பின்னால் வந்த போதகரும் தையல்கார அக்காவும் லிஃப்டில் நடுவழியில் நின்றுவிட்டார்கள். அக்கா அலாரத்தில் வைத்த விரலை எடுக்கவில்லை. உன் அப்பா நல்ல சட்டையோடு மோட்டார் அறைக்கு ஓடினார், சும்மா சரிசெய்திருக்கக் கூடாதா, அங்கிருந்து அவர் போட்ட சத்தம் மண்டபத்துக்கே நேராக இறங்கிவிட்டது. "கைய எடுங்க, உள்ள இருக்கறது மனுஷங்களா மாடுங்களா" என்று கேட்டார். எனக்கு எங்கே முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. லிஃப்ட் மேலே வந்து நின்று கதவு திறந்ததும் போதகர் வெளியே வந்து வேட்டியைச் சரிசெய்துகொண்டு, மோட்டார் அறையிலிருந்து இறங்கி வந்த உன் அப்பாவிடம், "வாங்க, உங்க வார்த்தைக்குத்தான் காத்திருக்கோம்" என்றார். இதற்குத்தான் பாதி சபை விழுந்து விழுந்து சிரித்தது.

கிரீஸ் படிந்த கையோடு எழுந்து நின்றவர் எழுதிக்கொண்டு போனதை எடுக்கவே இல்லை. "இந்தச் சொல் நிறைய இடத்துல வருது. கடவுளுக்கு அது இருக்குன்னு சொல்லுது, நமக்கும் வேணும்னு சொல்லுது. இயேசு சொன்ன ஒரு கதையில மட்டும் கடன்பட்ட ஒரு வேலைக்காரன் எஜமான் கால்ல விழுந்து அதைக் கெஞ்சிக் கேட்கறான். வாரம் முழுக்க அந்த இடத்தை நான் தாண்டித் தாண்டிப் போனேன். எனக்குப் பொருந்தறது அந்த இடம்தான்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். இத்தனை வருஷத்தில் அவர் இவ்வளவு சுருக்கமாகப் பேசி நான் கேட்டதில்லை.

மறுநாள் மாப்பிள்ளையின் ஆபீஸுக்கு ஃபோன் போட்டார். உன்னிடம் சொல்ல வேண்டாம் என்று அவரிடம் கேட்டுக்கொண்டார், என்னிடம் அப்படி ஒன்றும் கேட்கவில்லை, அதனால் சொல்கிறேன். முதலில் இருமினார், பிறகு உங்கள் ஆபீஸில் லிஃப்ட் எப்படி ஓடுகிறது என்று விசாரித்தார். கடைசியில், "மாப்பிள்ளை, நான் அங்க வந்தாலும் கத்துவேன். கத்தமாட்டேன்னு பொய் சொல்ல முடியல. கத்தினா என்கிட்ட கொஞ்சம் பொறுமையா இருங்க" என்றார். சமையலறையில் நின்று கேட்ட எனக்கு அழுகை வந்துவிட்டது. மாப்பிள்ளை என்ன சொன்னார் என்று கேட்டேன், "சீக்கிரம் வாங்க மாமான்னார், வேற என்ன சொல்வார்" என்று என் மேல் எரிந்து விழுந்தார்.

ஆகவே மகளே, அப்பா வருகிறார். இரும்புச்சத்து மாத்திரையை மறக்காதே, உயரத்தில் இருக்கும் எதையும் எட்டி எடுக்காதே. ஆண்டவர் உன்னையும் பிள்ளையையும் தம் கைக்குள் வைத்துக் காப்பாராக. ஒன்று மட்டும் ஞாபகம் வைத்துக்கொள், எங்களை அழைத்துப்போக விமான நிலையத்துக்கு மாப்பிள்ளை மட்டும் வரட்டும், நீ நடுவில் வந்து நிற்காதே. நான் பின் சீட்டில் ஏறியதும் தூங்கிவிடுவேன், தூக்கம் வராவிட்டாலும்.

இப்படிக்கு
உன் அம்மா