நூலக மாடியில வச்ச மூக்கு

என் செல்ல மகளுக்கு,

அப்பா எழுதுறேன். இங்க நானும் உங்கம்மாவும் நல்லா இருக்கோம். எனக்கு முழங்கால் வலி, அவளுக்கு நான், அத விட்டா வேற குறை இல்ல. நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நல்லா இருப்பன்னு நம்புறேன், குரல் மட்டும் போன்ல இளைச்சுப் போய்க் கேக்குது.

போன மாசம் நீ சொன்னதுலேருந்து எனக்கு மனசே சரியில்ல. நாடு முழுக்க காத்துல எவ்வளவு கரியமில வாயு கலக்குதுன்னு அளக்க எங்கெங்க பெட்டி வைக்கணும்னு திட்டம் போடுறது என் பொண்ணு, அதுல நம்ம ஊர்ப் பெட்டி போடுற கோடு மட்டும் சாயங்காலமானா தாறுமாறா ஏறுது, காரணம் தெரியலன்னா நம்ம ஊரையே திட்டத்துலேருந்து எடுத்துடுவாங்க, திட்டமே கோணல்னு பெரிய அதிகாரி கேலி பண்றார்னு சொன்னியே. பெட்டியப் பாக்க வந்த மெக்கானிக் காரணத்தக் கண்டுபிடிச்சுட்டார். காரணம் உங்கப்பன். போன்ல சொன்னா நடுவுல சிரிச்சுடுவ, அதான் எழுதுறேன், முழுசாப் படி. பெட்டி இருக்கிற நூலக மாடிக்கு நூலகர் எனக்குத்தான் சாவி தருவார். தினம் சாயங்காலம் முடிவெட்டுறவர், தையல்காரர், உன் பெரியப்பா எல்லாரையும் கூட்டிட்டுப் போய், காத்து இழுக்கிற குழாயச் சுத்தி நிறுத்தி, இதான் என் பொண்ணு வச்ச மூக்கு, நாட்டுக்கே எங்க மூக்கு வைக்கணும்னு அவதான் சொல்றான்னு விளக்குவேன். பெரியப்பாவுக்குக் காது மந்தம், கத்தி வேற சொல்லணும். உங்க அத்தை வந்த அன்னிக்கு நீ நடக்கப் பழகின கதையிலேருந்து ஆரம்பிச்சுட்டேன். அதப் பாத்த மெக்கானிக் தலையில கைய வச்சுக்கிட்டார். ஐயா, நாம விடுற மூச்சுலயும் அதே வாயுதான், கிட்டப் போனா நாங்களே மூச்சடக்கிக்குவோம், நீங்க மாநாடே நடத்துறீங்களேன்னார். உங்கம்மாவுக்கு ஒரே சந்தோஷம், இந்த மனுஷன் வாயப் பத்தி நான் சொன்னப்ப யாரும் நம்பல, இப்ப மெஷினே சொல்லுதுங்கிறா.

அன்னிக்கே சாவியத் திருப்பிக் குடுத்துட்டேன். அப்புறம் ஒருத்தரும் ஏறல, கோடும் அடங்கிடுச்சுன்னு மெக்கானிக் நேத்து போன் பண்ணினார். பாரு, நாலு கிழவங்க வாயக் கண்டுபிடிச்ச மூக்கு வேற எதத்தான் விட்டுடும்? நீ போட்ட திட்டத்துல ஒரு கோணலும் இல்ல. இத அப்படியே கூட்டத்துல படி, அதிகாரி என்னப் பாத்துச் சிரிக்கட்டும், உன்னப் பாத்துச் சிரிக்கக் கூடாது.

நோய்நொடி இல்லாம, எடுத்த வேலையெல்லாம் ஜெயிச்சு, நூறு வருஷம் நல்லா இரும்மா. ஒண்ணு மட்டும் மறந்துடாத. அந்த ஏறின கோட்டத் தப்புன்னு அடிச்சுடுவ, அடிச்சுக்கோ. அதுக்கு முன்னாடி எனக்கு ஒரு நகல் எடுத்து அனுப்பு. அது அத்தனையும் நாங்க உன்னப் பத்திப் பேசின பேச்சு.

இப்படிக்கு,
பெட்டிக்கு ரொம்பத் தள்ளி நின்னு மூச்சு விடுற
உன் அப்பா