இரண்டாவது மாளிகையும் ஒரு பைன் காயும்

லட்லோ,
செப்டம்பர் 7, ஞாயிறு.

அன்புள்ள டேமியனுக்கு,

உலகின் மறுகோடியில், வெலிங்டனில் நீயும் ஆலிசனும் பிள்ளைகளும் சுகமென்று நம்புகிறேன். இங்கே இரண்டு நாளாக மழை. என் முழங்கால் பரவாயில்லை. தேவாலயத்துக்குப் பூசைக்கு நடந்தே போய் வந்தேன்.

இந்த வீட்டை விட்டுவிட்டு முதியோர் இல்லத்தில் சேர நான் எழுத்து மூலம் சம்மதித்துவிட்டதாக உன் அக்கா பெர்னி சொல்கிறாள். உனக்கும் தொலைபேசியில் சொல்லியிருப்பாள். அறையை இம்மாதக் கடைசி வரை எனக்காக வைத்திருப்பார்களாம். நான் சம்மதித்தேனா இல்லையா என்று எனக்கே விளங்கவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். நீயே தீர்ப்புச் சொல்.

வியாழக்கிழமை காலை பெர்னி வந்து, "அம்மா, கிளம்புங்க, இன்னிக்கு பெரிய வீடு பார்க்கப் போறோம்" என்றாள். ஹார்ன்லி கோர்ட் என்ற பழைய பிரபுவின் மாளிகை. வாசலில் பார்வையாளர் என்பதற்கு அடையாளமாகக் கோட்டின் மேல் வட்டச் சீட்டு ஒன்றை ஒட்டினார்கள். இப்படிப்பட்ட மாளிகைகளில் வழக்கம்போல் அறைக்கு ஒரு முதியவர் நாற்காலி போட்டு உட்கார்ந்து, கேட்டவர்களுக்கு அந்த வீட்டின் கதை சொன்னார். பழைய நாற்காலிகளில் யாரும் உட்காரக்கூடாது என்பதற்காக ஒவ்வொன்றிலும் குத்தும் செதில்களுடைய பைன் மரத்துக் காய் ஒன்றை வைத்திருந்தார்கள். எழுதிப் போடுவதைவிட இது மரியாதையான முறை. நூலக அறையில் கதை சொன்ன மனிதர், சுவரிலிருந்த படத்தில் இருப்பவர் இரண்டாவது பிரபு என்றார். அவர் மூன்றாமவர் என்று திருத்தினேன். "அம்மா, அவரைக் கொஞ்சம் விடுங்க, பாவம்" என்று பெர்னி என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

சாப்பிட்ட பிறகு, "போற வழியில இன்னொரு வீடும் இருக்கு, அதையும் பாத்துட்டுப் போயிடலாம்" என்றாள். அவள் சொன்ன சொல் வீடு. வேறெதுவும் சொல்லவில்லை. கருங்கல் தூண்கள், சரளைக்கல் பாதை, வயதான தேவதாரு மரம். உள்ளே நுழைந்ததும் ஒரு பெண் கையெழுத்து வாங்கிக்கொண்டு என் கோட்டில் சீட்டு ஒட்டினாள். நீயாக இருந்தால் என்ன நினைத்திருப்பாய்?

முன்னறையில் ஆறேழு முதியவர்கள் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். ஒரே அறைக்கு இத்தனை பேரா என்று நினைத்தேன். பாதிப் பேர் தூக்கம். விழித்திருந்த ஒரு பெண்மணியிடம் கணப்படுப்பின் மேல் இருந்த சின்னம் எந்தக் குடும்பத்தினுடையது என்று கேட்டேன். "எனக்கென்ன தெரியும்? நான் மார்ச்லதான் வந்தேன்" என்றாள். ஆறு மாதமாகியும் இதைக்கூடப் படித்துக்கொள்ளவில்லையா என்று கேட்டேன். அவள் கோபப்படவில்லை. குலுங்கிக் குலுங்கிச் சிரித்து, "கஸ்டர்ட் எத்தனை மணிக்குன்னு கேளுங்க, சரியாச் சொல்றேன்" என்றாள்.

மாடியில் ஓர் அறையைக் காட்டினார்கள். ஒற்றைக் கட்டில், சுவரில் கைப்பிடி, ஜன்னலுக்கு வெளியே தோட்டம். அந்தக்கால வேலைக்காரியின் அறை என்று நினைத்தேன். அதன் குளியலறையில் சிவப்புக் கயிறு ஒன்று தொங்கியது. வேலையாட்களை அழைக்கும் மணிக்கயிறு இன்னும் வேலை செய்கிறதா பார்க்கலாம் என்று இழுத்தேன். ஒரு பெண் மூச்சிரைக்க ஓடிவந்து, "என்னாச்சு கண்ணு? விழுந்துட்டீங்களா?" என்று கேட்டாள். தேநீர் கிடைத்தால் நல்லது என்றேன். என்னைக் கண்ணு என்று கூப்பிட இவள் யார் என்று யோசித்தேனே தவிர, வேறொன்றும் தோன்றவில்லை. பெர்னி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். சிரிக்கிறாள் என்று நினைத்தேன்.

கிளம்பும்போது வருகையாளர் ஏடு இருந்தது. ஒருவர் வீட்டுக்குப் போய்விட்டு நன்றி எழுதாமல் வரக்கூடாது என்று பள்ளியில் மதர் இக்னேஷியஸ் எங்களுக்குப் பிரம்போடு கற்பித்திருந்தார். "மிக அருமையான வீடு. கனிவான மனிதர்கள். இங்கேயே தங்கிவிடத் தோன்றுகிறது" என்று அழகாக எழுதிக் கையொப்பமிட்டேன். இதெல்லாம் எல்லோரும் எழுதுவதுதானே! ஹார்ன்லி ஏட்டிலும் ஏறக்குறைய இதையேதான் எழுதினேன். அந்தப் பிரபு எனக்கு அறை ஒதுக்கவில்லை.

காரில் ஏறியதும் பெர்னி அழுதுவிட்டாள். "எப்படிச் சொல்றதுன்னு மூணு மாசமா தூங்கலம்மா. நீங்களே எழுதிட்டீங்க" என்றாள். என்ன எழுதினேன் என்று கேட்டேன். அப்போதுதான் அது என்ன வீடு என்று சொன்னாள். தெரியாமல் எழுதியது எப்படிச் சம்மதமாகும் என்றேன். "தெரியலன்னா சொல்றீங்க? அத்தனை பேர் சக்கர நாற்காலியில இருந்தாங்களே, அம்மா" என்றாள்.

டேமியன், நான் சக்கர நாற்காலி எதையும் பார்க்கவில்லை.

அவள் கெட்டவள் அல்ல. கெட்டிலை அடுப்பில் வைத்து மறந்தேன் என்கிறாள். ஒரு முறை என்பது எனக்கு நினைவிருக்கிறது. மூன்று முறை என்கிறாள்.

அவளிடம் சொல்லாத ஒன்றை உன்னிடம் சொல்கிறேன். அன்று மாலை கண்ணாடியை எடுக்கக் கைப்பையைத் திறந்தேன். உள்ளே ஒரு பைன் காய் இருந்தது. ஹார்ன்லியில் நான் அதை எடுத்தேனா? எடுத்துவிட்டு அந்த நாற்காலியில் உட்கார்ந்தேனா? நூலக அறையில் பெர்னி என் கையைப் பிடித்து இழுத்தது அந்த மனிதருக்காகவா, நான் உட்கார்ந்துவிட்டதற்காகவா? மூன்று நாளாக யோசிக்கிறேன். பிரபு மூன்றாமவர் என்பது நன்றாக நினைவிருக்கிறது. பைன் காய் நினைவில்லை. பிறர் பொருளைச் சொல்லாமல் தொடுகிறவள் இல்லை உன் அம்மா. அது உனக்குத் தெரியும்.

அதைத் திருப்பி அனுப்ப உறை எழுதினேன். மன்னிப்புக் கடிதத்தில் என்ன எழுதுவது என்று தெரியாமல் அனுப்பவில்லை.

இப்போது அது ஜன்னலோரம் உன் அப்பாவின் நாற்காலியில் இருக்கிறது. இந்த வீட்டில் எதையும் யாரும் அசைக்கக்கூடாது என்று பெர்னிக்குப் புரியட்டும் என்றுதான் வைத்தேன். நேற்று அவள் வந்தாள். அதைப் பார்த்தாள். நின்றுகொண்டே தேநீர் குடித்துவிட்டுப் போனாள்.

நீ மாதக் கடைசிக்குள் வர முடியுமா? தொலைபேசி வேண்டாம். நேரில் வந்து ஒரு நாள் முழுக்க என்னோடு இரு. நான் எப்படி இருக்கிறேன் என்று பார்த்துச் சொல். நீ என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்கிறேன். அந்தக் காயை எடுத்துவிட்டு நீ அங்கே உட்காரலாம். உனக்கு அனுமதி உண்டு.

கன்னி மரியாள் உன் பயணத்திலும் உன் பிள்ளைகளின் உறக்கத்திலும் துணையிருப்பாராக.

உன்னை மறவாத அம்மா,
வெரோனிகா மேரி ஹாலிவெல்