ஜெர்சி போடாமல் போன இறுதி ஆட்டம்

ஓஹையோ, 5 மார்ச் 1979

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் முழங்கால் இந்தக் குளிரைத் தாங்குகிறதா? எனக்குக் கத்திக் கத்தித் தொண்டை கட்டியதைத் தவிர ஒரு குறையும் இல்லை. சனிக்கிழமை எங்கள் கல்லூரி கூடைப்பந்துக் கோப்பையை வென்றுவிட்டது!

நான்கு வருடமாக எனக்குப் பெஞ்சுதானே! அன்றைக்கும் இறக்கமாட்டார்கள் என்று நம்பி, மேல்சட்டைக்குள் ஜெர்சி போடாமலே போய்விட்டேன். ஆட்டம் முடிய இரண்டு நிமிடம் இருந்தபோது எங்களுக்கு இருபது புள்ளி முன்னிலை. "ஹாகன், எறங்குடா!" என்று என்னைக் கூப்பிட்டார் கோச். கழற்றினால் உள்ளே நீங்கள் வாங்கித் தந்த கம்பளி உள்சட்டை!

"டேய், பால் கறக்கக் கெளம்பிட்டியா?" என்று பெஞ்சில் பக்கத்திலிருந்த டெரெல் கத்த, அரங்கமே சிரித்தது. உள்ளே ஓடி ஜெர்சியை மாட்டிக்கொண்டு வந்தேன். ஒன்பது வினாடி மிச்சம். பந்து கைக்கு வந்தது, எறிந்தேன், விழுந்தது! இந்த சீசனில் என் முதல் கூடை அதுதான்.

மாடுகள் கன்று போடும் மாதத்தில் உங்களால் வரமுடியாது என்று தெரியும். இருந்தும் கூட்டத்தில் உங்களைத்தான் தேடினேன்.

அம்மாவின் ஆப்பிள் ஜாம் ஒரு புட்டி அனுப்புங்கள். தபால்காரர் வந்துவிட்டார். வென்றதும் வழக்கப்படி ஏணியில் ஏறி ஆளுக்கொரு துண்டாகக் கூடையின் வலையை அறுத்தோம். என் துண்டு உறைக்குள் இருக்கிறது. நம் கொட்டகைச் சுவரில் நான் பந்து எறிந்து பழகிய வளையம் வலையில்லாமல்தானே கிடக்கிறது, அதில் கட்டிவிடுங்கள்.

உங்கள் லோவெல்