பிடி விடாத புரதம்

மார்ச் 3, காலை
நிலவின் ஒரே ஆய்வகம். எழுதுவது உயிரியல் ஆய்வாளர் தெய்வானை. காற்றழுத்தம் சரி. குளிர்பெட்டி சரி. சூரிய மின்தகடுகளில் பாதி செத்துக் கிடக்கின்றன. பொறியாளர் குர்ஷித் தனிமை அறையில். நுரையீரலில் பூஞ்சை. தொலைவில் உள்ள நிலவுக் குடியிருப்பிலும் பலருக்கு அதே இருமல். கையிலிருக்கும் மருந்தைப் பூஞ்சை சட்டை செய்யவில்லை. அதற்குள் ஒரு புரதம் டி.என்.ஏ.வில் ஓரிடத்தைப் பிடித்துக்கொண்டு, மருந்தை வெளியே தள்ளும் மரபணுவை முடுக்கிவிடுகிறது. அந்தப் பிடியை விடுவிக்க நான்கு புது மருந்துகள் இருக்கின்றன. எது என்று தெரியாமல் கொடுக்க முடியாது. தவறானது ஆளைக் கொன்றுவிடும்.

மார்ச் 5, மாலை
டி.என்.ஏ. துண்டையும் புரதத்தையும் முதல் மருந்தோடு கலந்து ஜெல்லில் ஓட்டினேன். மின்சாரம் பாய்ந்தால் தனி டி.என்.ஏ. கீழே ஓடிவிடும். புரதம் பிடித்திருந்தால் பாரத்தில் மேலேயே நிற்கும். மேலேயே நின்றது. முதல் மருந்து தோல்வி. அடுத்த இரண்டும் அப்படியே. கண் எரிகிறது.

ஒலிபெருக்கியில் குர்ஷித்: "அக்கா, சாப்பிட்டீங்களா?"

சாப்பிட்டேன் என்றேன். பொய்.

மார்ச் 8, காலை
இன்னொரு தகடும் போயிற்று. ஜெல் ஓட்ட மின்சாரம் இல்லை. குடியிருப்பிடம் உதவி கேட்டேன். "தொற்று உள்ள இடத்துக்கு வண்டி அனுப்ப அனுமதியில்லை. முடிவு கிடைத்தால் உடனே தெரிவியுங்கள்."



மார்ச் 8, பகல்
குர்ஷித் கூப்பிட்டான். "என் அறைக் காத்து மோட்டாரை நிறுத்திட்டு அந்தக் கரண்டை எடுத்துக்கோங்க. ஜெல் முடிஞ்சதும் திரும்பப் போட்டுக்கலாம்."

"உனக்கு மூச்சு?"

"உள்ள இருக்கிற காத்து போதும். இன்ஜினியர் நானா, நீங்களா?"

சிரித்தான். இருமல்தான் அதிகம் கேட்டது. சுவிட்சை நான்தான் அணைத்தேன்.

மார்ச் 8, மாலை
நான்காவது மருந்து. டி.என்.ஏ. பட்டை கீழே ஓடியிருக்கிறது! மருந்து சேர்க்காத பக்கத்துப் பட்டை மேலேயே நிற்கிறது. அப்படியானால் புரதம் கெட்டுப்போகவில்லை. மருந்துதான் பிடியை விடுவித்திருக்கிறது. குடியிருப்புக்கு முடிவை அனுப்பிவிட்டேன்.

மோட்டாரைப் போட்டேன். ஓடவில்லை. மறுபடி போட்டேன். ஓடவில்லை.

குடியிருப்பின் பதில்: "முடிவு கிடைத்தது. இன்றே தயாரிக்கிறோம். அந்த மோட்டார் நின்றால் மறுபடி ஓடாது என்று குர்ஷித் போன வாரமே எங்களிடம் சொன்னாரே. உங்களிடம் சொல்லவில்லையா?"

சொல்லவில்லை.

அதன் பிறகு
குர்ஷித்துக்குக் கொடுக்க என் விண்வெளி உடையின் காற்று உருளையைக் கழற்றிவிட்டேன். ஊசியில் மருந்து ஏற்றியாயிற்று. எந்த உடம்பிலும் போட்டுப் பார்க்காத மருந்து.

"வேண்டாம்க்கா... உள்ள வராதீங்க."

அதற்கப்புறம் சத்தமில்லை.

இதைப் படிப்பவர்களுக்கு: முகமூடி இல்லாமல் தனிமை அறைக் கதவைத் திறக்காதீர்கள். உள்ளே இரண்டு பேர் இருப்போம்.