அது என் வரி

ஜூன் 17, செவ்வாய்

காலையிலிருந்து சாரல். துணி காயவில்லை. மூன்று முறை கரண்ட் போனது.

பழுது பிடிபடவில்லை. நிரலைக் கணினிக்குப் புரியும்படி மாற்றித்தர நாங்கள் எழுதிய கம்பைலர் விண்டோஸில் சரி. மேக்கில் சரி. பள்ளிகளில் வாங்கிப்போடும் விலை குறைந்த சின்ன கணினி போர்டில் மட்டும் தமிழ் எழுத்து விழுந்துவிடுகிறது. பிழை என்றுகூடச் சொல்வதில்லை. வெற்றிடம். இலத்தூர் டீச்சர் ஒருவர் எழுதியிருக்கிறார், பிள்ளைகள் தங்கள் பெயரைப் போட்டால் ஒன்றும் வரவில்லையாம்.

சின்ன போர்டுக்கான பகுதி செல்வின் எழுதியது. அவன் போய் இன்றோடு நாற்பது நாள். நெஞ்சுவலி. வயது முப்பத்தொன்பது. ஒன்பது வருடமாக இந்தக் கம்பைலரைப் பார்த்துக்கொண்டது நாங்கள் இரண்டு பேர்தான். அவன் செங்கோட்டையில், நான் தென்காசியில்.

சாயங்காலம், பயன்படுத்துகிற எல்லாரும் படிக்கும் பொது மெயில் லிஸ்டில் எழுதிப் போட்டேன்: "தவறு செல்வினின் கடைசித் திருத்தத்தில். அதை நீக்குகிறேன்." வேறு யோசிக்கவில்லை.

வாங்க: பால், கொசுவத்தி, இஞ்சி.

ஜூன் 18, புதன்

அவன் திருத்தத்தை எடுத்த பிறகும் அதே பழுது. அப்படியென்றால் அது காரணமில்லை.

நிரலை முதலிலிருந்து ஒவ்வொரு வரியாகப் பார்த்தேன். மதியச் சாப்பாடு நாலு மணிக்கு. அதற்குப் பிறகு கிடைத்தது. எழுத்துகளைப் படிக்கும் இடத்தில் ஒரு சோதனை: எண் பூஜ்யத்துக்குக் கீழே இருந்தால் அது ஆங்கிலம் இல்லை. என் கணினி தமிழ் எழுத்தின் எண்ணைக் கழித்தல் எண்ணாகப் பார்க்கிறது. சின்ன போர்டு அதையே கூட்டல் எண்ணாக எடுக்கிறது. அங்கே எதுவுமே பூஜ்யத்துக்குக் கீழே போகாது. தமிழ் மொத்தமும் விட்டுப்போகும்.

யார் எழுதிய வரி என்று பார்த்தேன். என் பெயர். ஆறு வருடத்துக்கு முந்தையது.

சரிசெய்ய ஐந்து நிமிடம் ஆகவில்லை. "பழுது நீங்கியது" என்று மட்டும் போட்டால் போதும், யாரும் ஒன்றும் கேட்கப்போவதில்லை. அப்படித்தான் அடித்தேன். அனுப்பவில்லை. அழிக்கவும் இல்லை.

ஜூன் 19, வியாழன்

செல்வின் மனைவி ஜெபா காலையில் போன் செய்தாள். அவனோடு வேலை பார்த்த யாரோ லிஸ்டைப் படித்துவிட்டுச் சொல்லியிருக்கிறார்கள். குரலை உயர்த்தவில்லை.

"அவிய கடைசியாச் செஞ்ச வேல தப்புன்னு எழுதியிருக்கியளாமே அக்கா. நெசந்தானா?"

இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நேரில் வருகிறேன் என்றேன். கோழைத்தனம்.

தலைவலி. மாத்திரை ஒன்று.

ஜூன் 20, வெள்ளி

குற்றாலம் வழி பஸ்ஸில் செங்கோட்டை. ஈரத் துண்டு வாடை. பின் சீட்டில், "மெயினருவில தடையாம்லே. ஐந்தருவிக்குப் போவோம்."

ஜெபா லீவு போட்டிருந்தாள். நடந்ததை முழுக்கச் சொன்னேன். யாரும் கேட்காவிட்டால் பேசாமல் விட்டுவிட நினைத்ததையும். கம்பைலர் விவரம் எதையும் அவள் கேட்கவில்லை.

"அப்ப அவிய மேல தப்பில்ல."

"இல்ல. என் தப்பு."

"எங்கிட்டச் சொல்லுதிய, சரி. அங்கன எழுதுனது அங்கனயே கெடக்குல்லா? அங்கன சொல்லுங்க."

பரவாயில்லை என்று சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை. டீ போட்டாள், குடித்தேன். கிளம்பும்போது அவன் லேப்டாப்பைக் கொண்டுவந்து தந்தாள். அவன் போனபின் யாரும் திறக்கவில்லையாம். வேலைக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு திருப்பித் தரச் சொன்னாள்.

ஜூன் 21, சனி

லேப்டாப் மேசையில். திறக்க மனம் வரவில்லை. சிலிண்டர் வந்தது.

ஜூன் 22, ஞாயிறு

திறந்தேன். எனக்கு எழுதி அனுப்பாமல் வைத்திருந்த ஒரு மெயில். மே மாதம் ஒரு புதன்கிழமை எழுதியது. மறுநாள் அவன் இல்லை.

"அக்கா, எழுத்து படிக்கிற இடத்துல ஒங்க பழைய வரி ஒண்ணு சின்ன போர்டுல தகராறு பண்ணுது. லிஸ்டுல போடல. மொதல்ல ஒங்களுக்குத்தான் தெரியணும். சனிக்கிழம வாரேன், உக்காந்து பாத்துருவோம்."

நாலைந்து முறை படித்தேன். கஞ்சி அடுப்பில் பொங்கி வழிந்தது, துடைத்தேன்.

பிறகு லிஸ்டில்: "செல்வின் செய்ததில் தவறில்லை. தவறு என் வரியில். எனக்கு முன்பே அவன் அதைக் கண்டுபிடித்திருந்தான். சரிபார்க்காமல் அவன் மேல் பழி போட்டேன். அவனுடைய திருத்தத்தைத் திரும்பச் சேர்த்துவிட்டேன்." என் பெயர், வரி எண், எல்லாம் போட்டு அனுப்பினேன்.

ஜெபாவுக்குப் போன். அனுப்பியதைப் படித்துக் காட்டினேன். ம் என்றாள். அவன் மெயிலையும் படித்தேன். இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள். படித்தேன்.

"சனிக்கிழம வாரேன்னா எழுதியிருக்காவ?"

ஆமாம் என்றேன்.