இரண்டாவது வரி

ராத்தா,

அடுத்த ஆண்டுக்கான மாகாண வரவு செலவுத் திட்டத்தின் வரைவு இன்று காலை வந்தது. போட்டோக் கொப்பி எடுத்த சூடு ஆறாமலே பியோன் இரண்டு பிரதிகளைக் கொண்டுவந்து வைத்தார். ஒன்றை எதிர்மேசைக்கு நீட்டினேன். உங்கள் இடத்துக்குப் புதிதாக வந்தவர் வாங்கிக்கொண்டு "தாங்ஸ் மிஸ்" என்றார். நெஞ்சில் ஏதாவது அசையும் என்று கொஞ்சநேரம் பார்த்திருந்தேன். அசையவில்லை.

திட்டமிடல் கிளையில் எல்லோருக்கும் நீங்கள் மிஸ்; எனக்கு மட்டும், உங்கள் வீட்டு வழக்கப்படி அக்கா என்ற அர்த்தத்தில், ராத்தா. நிலாவெளியிலிருந்து நானும் குடாவுக்கு அப்பால் கிண்ணியாவிலிருந்து நீங்களும் வந்து, ஏழெட்டு வருடம் எதிரெதிரே இருந்து வேலை செய்தோம். எந்த வரைவையும் கடைசிப் பக்கத்திலிருந்துதான் வாசிப்பீர்கள். "முன்னுக்கு இருக்கிறது அவங்க சொல்ல விரும்புறது, புள்ள. செய்யப் போறது பின்னுக்குத்தான் கிடக்கும்" என்பீர்கள்.

சிறுநீரகங்கள் பழுதான பிறகு, கிழமையில் இரண்டு நாள் விடியவே பஸ் ஏறி, கிண்ணியாப் பாலம் தாண்டி வந்து, நகரத்து ஆஸ்பத்திரியில் இரத்தம் சுத்திகரித்துக்கொண்டு பின்னேரம் கந்தோரில் வேலைக்கு வருவீர்கள். ஊசி குத்திய கையைச் சேலைத் தலைப்பால் மூடியபடி "எங்க விட்டம்?" என்று கேட்பீர்கள்.

நீங்கள் அப்படி அலைந்த ஆண்டு மேலிருந்து வரும் ஒதுக்கீட்டை வெட்டிவிட்டார்கள். எங்கள் மாவட்டத்துக்குப் புதிய வேலை ஒன்றுதான் என்று பணிப்பாளர் சொல்லிவிட்டார். மிஞ்சி நின்றவை இரண்டு: உங்கள் ஊர் ஆஸ்பத்திரிக்கு டயலிசிஸ் பிரிவு, குச்சவெளிப் பக்கம், கிணறெல்லாம் உப்பாகிப்போன ஒரு கிராமத்துக்குக் குழாய்த் தண்ணீர். முன்னுரிமைப் பட்டியலைத் தட்டச்சு செய்தவள் நான். டயலிசிஸை முதலாவதாக வைத்து உங்கள் கையெழுத்துக்கு நீட்டினேன்.

"என்ன புள்ள இது?"

"உங்கட பக்கத்து ஆக்கள் எத்தினை பேர் பஸ்ஸில அலையினம், ராத்தா."

"ஓம், அலையிறம். அலைஞ்சாலும் போய்ச் சேர்றம். அந்தப் புள்ளைகள் தண்ணிப் பவுசர் வரும்வரைக்கும் பள்ளிக்குப் போகாம குடத்தோட நிக்குதுகள். பவுசர் வராத நாளையில உப்புத் தண்ணியக் குடிச்சு வயித்தால போகுது. நீயும்தானே வந்து பார்த்த?"

பட்டியலைத் திரும்ப வாங்கக் கை நீட்டினேன்; நீங்கள் விடவில்லை.

"ஒண்டு கேக்கிறன். என்னை உனக்குத் தெரியாது எண்டா எதை முதல்ல எழுதியிருப்பாய்?"

பொய் சொல்லியிருக்கலாம். உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு அது ஏலவில்லை. "தண்ணி" என்றேன். நீங்கள் பேனையை எடுத்து, அம்புக்குறி போட்டு இரண்டு வரிகளையும் இடம் மாற்றிக் கையெழுத்து வைத்தீர்கள். நாளுக்கு இவ்வளவுதான் குடிக்கலாம் என்று டொக்டர் தண்ணீரை அளந்து விட்டிருந்த ஆள் நீங்கள். "மற்றத அடுத்த வருஷம் போடுவம்" என்றீர்கள்.

அடுத்த வருடத்துக்கு முன் மாரி வந்தது. வெள்ளம் வீதிக்கு ஏறி பஸ் நின்றது. அடுத்தடுத்து இரண்டு முறை உங்களால் ஆஸ்பத்திரிக்கு வர முடியவில்லை. வெள்ளம் வடியத் தொடங்கிய ஒரு காலையில் உங்கள் மகள் போன் எடுத்து, "உம்மா மவுத்தாகிட்டா" என்றாள். நான் வந்து சேர்ந்தபோது ஜனாஸாவை அடக்கத்துக்கு எடுத்துவிட்டார்கள். உங்கள் கணவர் கதிரையை இழுத்துப் போட்டார். "அவவுக்கு எப்பவும் உங்கட கதைதான்" என்றார். அந்தப் பட்டியலைப் பற்றி அவருக்குத் தெரியுமோ தெரியாது. நான் கேட்கவில்லை. தந்த தேத்தண்ணியைக் குடித்துவிட்டு பஸ் ஏறினேன். வழி முழுக்க அழுகை வரவில்லை.

குழாய் வந்துவிட்டது, ராத்தா. வேலை முடிந்ததைப் பார்க்க நான்தான் போனேன். ஒரு தாய் முற்றத்துக் குழாயைத் திறந்து காட்டினாள். "இப்ப பிள்ளையள் நேரத்துக்குப் பள்ளிக்கூடம் போகுதுகள் மிஸ். ஆருக்கு நன்றி சொல்றதெண்டுதான் தெரியேல்லை." உங்கள் பெயரை நான் சொல்லவில்லை. அறிக்கையில் 'பூர்த்தி' என்று எழுதினேன்.

இந்த முறை டயலிசிஸ் பிரிவைப் பட்டியலில் எழுதுவதற்கு முன் நகரத்து ஆஸ்பத்திரிக்குப் போய்க் கட்டில் கட்டிலாகக் கேட்டேன். எந்த ஊர், எத்தனை மணிக்கு எழும்புகிறீர்கள், மாரியில் என்ன செய்கிறீர்கள். எல்லாவற்றையும் எழுதி இணைத்தேன். பணிப்பாளர் வாசித்துவிட்டு, "இது அந்த மிஸ்ஸுக்காகவா?" என்று கேட்டார்.

"இல்லை சேர். இந்த ஆக்களுக்கு."

அது உண்மை. உங்களுக்காக என்று எழுதியிருந்தால் நீங்களே வெட்டியிருப்பீர்கள். இன்று வந்த வரைவில் அது இருக்கிறது.

அன்று நான் சொன்ன பதில் சரியானதுதான். இப்போது கேட்டாலும் அதையேதான் சொல்வேன். ஆனால் எந்தப் பட்டியலைத் தட்டச்சு செய்தாலும் இரண்டாவது வரியில் கை நின்றுவிடுகிறது. அந்த வரிக்குள் இருப்பது யார் என்று எழும்பிப் போய், ஆளைப் பார்த்து, பெயரைக் கேட்டுவிட்டு வருகிறேன். பார்த்துவிட்டு வந்த பிறகும், அநேகமாக அதை இரண்டாவதாகவேதான் எழுதுகிறேன், ராத்தா.